பயனீட்டாளர் கேள்வி-பதில்: கோடு எந்த நிறம் என்று பார்த்தீர்களா?

கேள்வி: வீட்டில் டியூஷன் நடத்துகிறேன். பயிற்சித்தாள் அச்சிட வைத்திருக்கும் வண்ண லேசர் பிரிண்டரில், ஒரு மாதமாக எல்லாத் தாள்களிலும் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஓர் இளஞ்சிவப்புக் கோடு விழுகிறது. கடையில் கொடுத்தேன். அச்சிட்டுப் பார்க்காமலேயே, நான்கு டோனர்களையும் டிரம்மையும் மாற்றினால்தான் சரியாகும், 1,100 ரிங்கிட் ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?
ஆசிரியை, செந்தூல்

பதில்: வேண்டாம். ஒரு தாளைக்கூட அச்சிட்டுப் பார்க்காமல் விலை சொன்னவரிடம் முதலில் பிரிண்டரைத் திரும்ப வாங்குங்கள். டோனர் என்பது வண்ணத் தூள். உங்கள் இயந்திரத்தில் சியான் என்னும் நீலம், மெஜந்தா என்னும் இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு தூள்கள் இருக்கின்றன. கோடு மெஜந்தா நிறத்தில் மட்டும், ஒரே இடத்தில், விடாமல் விழுகிறது என்றால் மற்ற மூன்றுக்கும் இந்தக் குற்றத்தில் பங்கில்லை.

நடப்பது இதுதான். தூள் முதலில் டிரம் என்னும் உருளையில் ஒட்டி, அங்கிருந்து தாளுக்குப் போகிறது. தாளுக்குப் போகாமல் உருளையில் மிஞ்சிய தூளை ஒரு மெல்லிய ரப்பர்த் தகடு ஒவ்வொரு சுற்றிலும் வழித்தெடுக்க வேண்டும். அந்தத் தகட்டின் விளிம்பில் சிறு வெட்டு விழுந்தாலோ, உருளையின் மேல் கீறல் விழுந்தாலோ, அந்த ஒரு புள்ளியில் தூள் நழுவித் தாள் முழுவதும் கோடாக இறங்கும்.

ஆகவே முதலில் ஒரு வெற்றுத் தாளையும், நான்கு நிறங்களும் தனித்தனிப் பட்டையாக வரும் ஒரு தாளையும் அச்சிடுங்கள். பல மாடல்களின் மெனுவிலேயே இதற்கான சோதனைப் பக்கம் இருக்கிறது. வெற்றுத் தாளிலும் அதே இளஞ்சிவப்புக் கோடு வந்தால் மெஜந்தா கார்ட்ரிட்ஜை மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள். டிரம் அதனுள்ளேயே இருக்கும் மாடலாக இருந்தால், பளபளக்கும் அந்த உருளையில் தலைமுடி போன்ற ஒரு கீறல் கண்ணுக்கே தெரியலாம். விரலால் தொடாதீர்கள், வெளிச்சத்தில் வைத்துவிட்டுத் தேநீர் போடவும் போகாதீர்கள், டிரம்முக்கு வெளிச்சம் ஆகாது. அந்த ஒரு கார்ட்ரிட்ஜை மாற்றினால் போதும். டிரம் தனியாக இருக்கும் சில மாடல்களில், அதன் மேல் உள்ள மெல்லிய கம்பியைத் துடைப்பதற்கென்றே ஒரு சிறு நகர்த்துப் பிடி இருக்கும். அதை இங்கும் அங்குமாகப் பத்து முறை நகர்த்திவிட்டு, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் அதுவே புதிய கோடு போடும்.

நான்கு நிறங்களிலும் ஒரே இடத்தில் கறை விழுந்தால்தான் பொதுவான பாகங்களான, தாளையோ தூளையோ சுமந்து செல்லும் சுழல் பட்டையையோ, தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டும் ஃபியூசரையோ சந்தேகிக்க வேண்டும். அதற்கும் வழி உண்டு. தாள் பாதி உள்ளே போயிருக்கும்போது கதவைத் திறந்து நிறுத்தி, தாளை மெல்ல உருவுங்கள். ஃபியூசரை எட்டாத பகுதியிலேயே கறை இருந்தால் ஃபியூசர் நிரபராதி. இந்தச் சோதனைகளுக்குச் செலவாவது மூன்று தாள்.

கேள்வி: கோடாக இல்லை, தாளில் ஒரே அளவு இடைவெளி விட்டு ஒரு நீலப் பொட்டு திரும்பத் திரும்ப வருகிறது.
வாசகர், கிள்ளான்

பதில்: அடிக்கோலை எடுத்து இரண்டு பொட்டுகளுக்கு இடையே அளந்து பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு பொட்டு என்பதால், அந்த இடைவெளிதான் பழுதான உருளையின் சுற்றளவு. பல சிறிய பிரிண்டர்களின் டிரம் 24 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதற்கு ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் இடைவெளி வரும். 30 மில்லிமீட்டர் டிரம் என்றால் 94. உங்கள் மாடலின் பழுதுபார்ப்புக் கையேட்டில் எந்த உருளைக்கு எந்த அளவு என்ற அட்டவணை இருக்கும்.

கேள்வி: கணினியிலிருந்து அச்சிட்டால் சுத்தமாக வருகிறது. மேலே தாள்களை அடுக்கி நகலெடுத்தால் மட்டும் கறுப்புக் கோடு. டோனர் மாற்றியும் போகவில்லை.
கணக்கர், பாயான் லெப்பாஸ்

பதில்: பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் குறுகிய கண்ணாடிப் பட்டையைத் துடையுங்கள். மேலே அடுக்கிய தாள்கள் அதன் மேல்தான் ஓடுகின்றன, அதிலுள்ள ஒரு துளி அழுக்கே கோடாகிவிடும். டோனருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

கேள்வி: இணையத்தில் நான்கு டோனர்கள் சேர்த்து 89 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். மஞ்சள் பட்டை பட்டையாக வழிகிறது. உள்ளே தூள் கொட்டிக் கிடக்கிறது. வேக்கம் கிளீனரால் உறிஞ்சினேன், அறை முழுவதும் தூள் பறந்துவிட்டது. ரசீது இல்லை. சென்ற ஆண்டு வாங்கியதும் இப்படித்தான் ஆனது. இதைவிட நல்ல மலிவான டோனர் எது?
இளைஞர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தம்பி, ஒருமுறை ஏமாந்திருந்தால் நான் உங்கள் பக்கம். அதே பள்ளத்தில் இரண்டாம் முறை, அதுவும் ரசீதைக்கூடக் கேட்காமல், தாமாகப் போய் விழுந்தவருக்கு மூன்றாவது பள்ளம் எங்கே இருக்கிறது என்று நான் வழி சொல்வதற்கில்லை. வேறு நிறுவனத்தார் செய்யும் டோனர்கள் எல்லாமே மோசம் என்பதல்ல. ஒழுகினால் மாற்றித் தருவேன் என்று ரசீதில் எழுதித் தருபவரிடம் ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டுப் பார்த்த பிறகு மற்றவற்றை வாங்குவதே முறை.

வீட்டு வேக்கம் கிளீனரை இனித் தொடாதீர்கள். டோனர்த் தூள் அதன் வடிகட்டியைத் தாண்டி மறுபக்கம் வெளியேறிவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, இயந்திரம் ஆறிய பிறகு, நார் உதிராத உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கையிலும் சட்டையிலும் பட்டதைக் குளிர்ந்த நீரில்தான் கழுவ வேண்டும். சூட்டில் உருகி ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்ட தூளுக்கு வெந்நீர் ஊற்றினால் கறை நிரந்தரமாகிவிடும்.

உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு அவ்வளவு அருகதை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தங்கையின் மகளுடைய நிச்சயதார்த்த அழைப்பிதழுக்காக, மலிவாகக் கிடைக்கிறதே என்று இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளை ஒரு கட்டு வாங்கி என் லேசர் பிரிண்டரில் செருகினேன். ஃபியூசரின் சூடு 200 பாகை செல்சியஸை ஒட்டியது. தாளின் மேற்பூச்சு உருகி உருளையில் சுருட்டிக்கொண்டது. அதன் பிறகு வந்த தாள்களில் மாப்பிள்ளை பெயரின் மேல் ஒரு சாம்பல் நிற வடு. பழுதுபார்க்கச் சொன்ன விலைக்குப் புதிய பிரிண்டரே வாங்கியிருக்கலாம், வாங்கினேன். அழைப்பிதழைக் கடைசியில் அச்சகத்தில்தான் கொடுத்தோம்.

கேள்வி: பேரப்பிள்ளைகளின் பள்ளி வேலைக்காக 1,450 ரிங்கிட் கொடுத்துப் 'புதிய' வண்ண லேசர் பிரிண்டர் வாங்கினேன். முதல் நாளிலிருந்தே மூன்று நிறங்களில் கோடு. பேரன் ஒரு தகவல் பக்கத்தை அச்சிட்டுக் காட்டினான். அதில் இதுவரை அச்சான பக்கங்கள் 18,000-க்கு மேல் என்றிருக்கிறது. கடையில் கேட்டதற்கு ரசீதின் அடியில் உள்ள முத்திரையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
ஓய்வுபெற்ற தாதி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, உங்கள் பேரன் கெட்டிக்காரன். அந்த ஒரு பக்கம் போதும்.

அந்த முத்திரை எனக்குப் பழைய பகை. மலாயில் 'பாராங் யாங் டிஜுவால் திடாக் போலே டிகெம்பாலிக்கான்', அதாவது விற்ற பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று, சில ரிங்கிட் பெறும் ஒரு ரப்பர் முத்திரையைக் குத்திவிட்டால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் செத்துவிடும் என்று மலேசியாவில் எத்தனையோ கடைக்காரர்கள் நம்புகிறார்கள். அதைவிட வருத்தம், எத்தனையோ பயனீட்டாளர்களும் அதை நம்பித் தலையைக் குனிந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்ப வருபவரிடம் அந்த முத்திரையைக் காட்டட்டும். நான் குறுக்கே வர மாட்டேன். பழுதான பொருளுக்கு அது செல்லாது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, எந்த ஒப்பந்தத்தில் எதை எழுதிக்கொண்டாலும் சட்டம் தரும் உரிமை போகாது என்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 32-ஆவது பிரிவு. பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதையோ 10-ஆவது பிரிவு தடை செய்கிறது. உங்கள் கடைக்காரர் குத்திய முத்திரையில் இவை மூன்றும் அழிந்துவிடவில்லை.

கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டு, ஒரு கெடுவும் குறிப்பிட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் முதலாம் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. அங்கே வழக்கறிஞர்கள் வாதாட முடியாது என்பதால் கடைக்காரரும் உங்களைப் போல் தாமே நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். பாரம் நிரப்பத் தயக்கமாக இருந்தால், பாலத்தைக் கடந்து பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள்.

அதுவரை பிரிண்டரை யாரிடமும் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள்; அந்தக் கடையிலிருந்தே ஆள் வந்து 'சும்மா பார்த்துத் தருகிறேன்' என்றாலும் கொடுக்காதீர்கள். கோடு விழுந்த தாள்கள் நான்கைந்தில் தேதி எழுதி வையுங்கள். எண்ணிக்கை காட்டும் பக்கத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பேரனிடம் கொடுத்து வையுங்கள்.