பெலாங்லோ வழக்கில் துப்பாக்கி சொன்ன சாட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவில் பயணிகளைக் கொன்ற ஐவன் மிலாட் வழக்கைப் படித்தேன். 7 கொலைகள், நேரில் கண்டவர் யாருமில்லை. பாயிண்ட் 22 துப்பாக்கி அங்கே பண்ணைகளில் முயல் சுட வைத்திருக்கும் சாமான். இதே துப்பாக்கிதான் என்று எப்படிச் சொன்னார்கள்? தப்பியவர் 1990லேயே புகார் செய்தும் 4 ஆண்டு ஏன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். 1990 ஜனவரியில் சிட்னிக்குத் தெற்கே லிஃப்ட் கேட்டு ஏறினார் ஒரு பிரிட்டன் இளைஞர். ஓட்டியவன் துப்பாக்கியை நீட்டியதும் இறங்கி ஓடி, நெடுஞ்சாலையில் ஒரு காரை மறித்து ஏறித் தப்பினார். பௌரல் போலீசில் புகாரும் கொடுத்தார். அதை யாரும் தொடரவில்லை. 1992 செப்டம்பரிலிருந்து 1993 நவம்பருக்குள் பெலாங்லோ காட்டில் 7 உடல்கள் கிடைத்தன. சேதி கேட்டு அவர் இங்கிலாந்திலிருந்து போன் செய்தார். போலீஸ் அதிகாரி கிளைவ் ஸ்மாலின் தனிப்படைக்கு வந்து குவிந்த தகவல்களின் அடியில் அதுவும் மாதக்கணக்கில் கிடந்தது. வாகனப் பதிவு, துப்பாக்கி உரிமம் என்று கணினியில் சலித்துக்கொண்டிருந்தவர்கள் 1994 ஏப்ரலில்தான் அந்தக் குறிப்பைக் கையிலெடுத்தார்கள். மே மாதம் வரவழைத்துப் படங்களைக் காட்ட, மிலாட்டை அடையாளம் சொன்னார்.

ஆனால் அது அவர்மீது நடந்த தாக்குதலுக்குத்தான் சாட்சி, கொலைகளுக்கு அல்ல.

இனி துப்பாக்கி. ஈயக் குண்டு எலும்பில் பட்டால் நசுங்கும். பீப்பாயின் உள்சுவர் வரிகள் அதில் தெளிவாக நிற்பது சந்தேகம். துப்பாக்கி வெளியே தள்ளும் பித்தளை உறைக்கு அந்தச் சேதம் இல்லை. பாயிண்ட் 22 உறையில் ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) நடுவில் குத்தாது, விளிம்பில் குத்தும். அந்தப் பள்ளத்தோடு, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டின் முகத்திலுள்ள கீறல்களும் பித்தளையில் பதியும். ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கி இருந்தாலும் கடைசலும் தேய்மானமும் ஒன்றாக இருக்காது. காட்டில் பொறுக்கிய உறைகள் ரூகர் 10/22 என்ற மாடலைச் சொல்லிவிட்டன. மாடலை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, எத்தனையோ பேரிடம் இருந்தது.

1994 மே 22 அன்று ஈகிள் வேலில் மிலாட்டின் வீட்டைச் சோதித்தார்கள். கழற்றிய ரூகர் பாகங்கள் சுவர் இடுக்கில் ஒளிந்திருந்தன, போல்ட் உட்பட. அதில் சுட்ட உறையையும் காட்டு உறையையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோட்டுக்குக் கோடு பொருந்தவேண்டும்; பொருந்தியது. பீப்பாயைவிட முக்கியமாக அவன் தொலைத்திருக்க வேண்டிய பாகம் அந்த போல்ட்தான்.

இறந்தவர்களின் முகாம் சாமான்கள் அவன் வீட்டில் மட்டுமல்ல, உறவினர் வீடுகளிலும் அகப்பட்டன. சகோதரர்களில் யாரோ செய்தது என்று எதிர்த்தரப்பு வாதாடியது இதைப் பிடித்துக்கொண்டுதான். 1996 ஜூலை 27 அன்று ஜூரி அதை ஏற்கவில்லை. 7 ஆயுள் தண்டனை, பிரிட்டன் இளைஞர்மீதான தாக்குதலுக்குத் தனியே 6 ஆண்டு. அவன் தனியாகச் செய்திருக்க முடியாது என்றே நீதிபதி டேவிட் ஹண்ட் கருதினார். வேறு யார்மீதும் வழக்கு வரவில்லை. 2019 அக்டோபரில் மிலாட் சிறையில் இறந்தான், எதையும் ஒப்புக்கொள்ளாமல்.