டி.எல்.சி.யில் வந்த ஆர்எஃப் மதிப்பு புத்தகத்தோடு ஒத்துவரவில்லை என்றால் சேர்மமே தவறா?

பீனாலை நைட்ரோ ஏற்றம் செய்து, வந்த பொருளை டி.எல்.சி. (சிலிக்கா பூசிய தட்டில் கரைப்பானை ஏறவிட்டுச் சேர்மங்களைப் பிரிக்கும் சோதனை) போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். எதிர்பார்த்தபடி ஆர்த்தோ, பாரா நைட்ரோபீனால்களுக்கு இரண்டு மஞ்சள் புள்ளிகள், ஆனால் ஆர்எஃப் (புள்ளி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்த எண்) இரண்டுக்கும் புத்தகத்தில் உள்ளதை விடக் குறைவு. அதனால் வினையே தப்பாகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். அந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட வேண்டாம்.

கல்லூரி கரிம வேதியியல் லேபில் மாணவர்களோடு நிற்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஆர்எஃப் மதிப்பை உருகுநிலை மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. சுத்தமான பாரா நைட்ரோபீனால் எந்த ஊர் லேபிலும் 113, 114 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் உருகும். ஆர்எஃப்போ தட்டுக்குத் தட்டு நகரும். சிலிக்கா ஜெல் ஜி என்ற தூளைத் தண்ணீரில் குழைத்து நாமே கண்ணாடியில் ஊற்றுகிறோம். ஒரு ஓரம் தடிப்பாக, ஒரு ஓரம் மெல்லிசாகப் படியும். ஓவனில் 110 டிகிரியில் காயவைத்து எடுத்த தட்டு மழைக்காலத்தில் மேசைமேல் கொஞ்ச நேரம் கிடந்தாலே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உடனே புள்ளிகள் வழக்கத்தை விட மேலே ஏறும். பீக்கரை வாட்ச் கிளாஸால் மூடாமல் விட்டால் ஹெக்சேன் ஆவியாகிக் கரைப்பான் விகிதமே மாறிவிடும். காலையில் கலந்ததையே மதியம் பேட்ச்சும் பயன்படுத்தினால் கேட்கவே வேண்டாம். 1950களில் ஜெர்மனியின் எகோன் ஸ்டால் இந்த முறையைச் சீர்படுத்தியபோது சிலிக்காவின் துகள் அளவு, படலத்தின் தடிமன் என்று ஒவ்வொன்றையும் வரையறுக்க மெனக்கெட்டதற்கும் இதுதான் காரணம்.

எண் மாறினாலும் ஆர்த்தோ மேலே, பாரா கீழே என்ற வரிசை இந்த ஜோடியில் மாறாது. ஆர்த்தோ நைட்ரோபீனாலில் ஓ.எச். தொகுதி பக்கத்திலேயே இருக்கும் நைட்ரோ தொகுதியோடு மூலக்கூறுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொள்கிறது. சிலிக்காவைப் பிடித்துக்கொள்ள அதனிடம் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. கரைப்பானோடு சரசரவென்று மேலே போய்விடும். பாராவில் இரண்டு தொகுதிகளும் எதிரெதிர் முனையில் இருப்பதால் ஓ.எச். சிலிக்காவோடு பிணைந்து கீழேயே தங்கும். நீராவி வாலைவடித்தலில் ஆர்த்தோ மட்டும் ஆவியோடு வந்துவிடுவதற்கும் இதே காரணம்தான். ஹெக்சேனும் எத்தில் அசிட்டேட்டும் 4:1 என்று எடுத்து ஓட்டிப் பாருங்கள், இடைவெளி நன்றாகத் தெரியும்.

அடுத்து, அடையாளம். புத்தக எண்ணை விட்டுவிட்டு, ஸ்டோரில் உள்ள சுத்தமான மாதிரியை அதே தட்டில் பக்கத்தில் வையுங்கள். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுப் பென்சில் கோடு. பேனா மை கரைப்பானோடு ஓடிவிடும். கோட்டின் இடப்பக்கம் தெரிந்த மாதிரி, வலப்பக்கம் உங்களுடையது, நடுவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. கேப்பிலரியை (மெல்லிய கண்ணாடிக் குழாய்) பட்டும் படாமல் தொட்டு எடுக்க வேண்டும், புள்ளி இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கரைப்பான் மட்டம் கோட்டுக்குக் கீழே இருக்கட்டும். ஓடி முடிந்ததும் கரைப்பான் நின்ற இடத்தை உடனே குறித்துவிடுங்கள், காய்ந்தபின் தெரியாது. நடுப்பாதையில் அந்தச் சேர்மம் ஒரே உருண்டைப் புள்ளியாக நின்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. நீண்டோ இரண்டாகப் பிரிந்தோ நின்றால் அவை வேறு வேறு.

"வாய்ப்பு உண்டு" என்று நான் நிறுத்திக்கொள்வதைக் கவனியுங்கள். இரண்டு வெவ்வேறு சேர்மங்கள் ஒரு கரைப்பானில் ஒரே உயரத்தில் நிற்கலாம். அதனால் டைக்குளோரோமீத்தேன் போன்ற இன்னொரு கரைப்பானிலும் ஓட்டுங்கள். அதிலும் சேர்ந்தே நின்றால் நம்பிக்கை கூடும். பிறகு பிரித்தெடுத்து உருகுநிலை பாருங்கள்: ஆர்த்தோ 45 டிகிரியை ஒட்டி, பாரா 114-ஐ ஒட்டி. இவ்வளவு தூரம் விலகியிருக்கும் ஜோடி கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

மஞ்சள் மங்கலாக இருந்தால் காய்ந்த தட்டை அம்மோனியா பாட்டிலின் வாய்மேல், ஃபியூம் ஹூடுக்குள் வைத்து, சில நொடி காட்டுங்கள். பாரா புள்ளி வெளிறிய நிறத்திலிருந்து பளீரென்ற மஞ்சளுக்கு மாறும். ஓ.எச். தன் ஹைட்ரஜனை அம்மோனியாவிடம் இழந்து ஃபீனாக்சைடு அயனி உருவாவதைக் கண்ணால் பார்க்கும் அந்தக் கணத்துக்காகவே இந்தப் பரிசோதனை எனக்குப் பிடிக்கும். ஆவி விலகினால் நிறம் மங்கிவிடும், அதற்குள் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டில் வெறும் 0.32 என்று எழுதாதீர்கள். தட்டு எது, கரைப்பான் என்ன விகிதம், தெரிந்த மாதிரி அதே தட்டில் எங்கே நின்றது, எல்லாம் எழுதித் தட்டின் படத்தையும் வரையுங்கள். வைவாவில் புத்தக மதிப்பு ஏன் வரவில்லை என்று கேட்டால் அந்தப் படத்தைக் காட்டியே பதில் சொல்லலாம்.