‘பார்த்துத்தானே வாங்கினீங்க’ என்று கடைக்காரர் கைவிரித்தால்?

கேள்வி: ஐயா, மதுரை எஸ்.எஸ். காலனியில் வீட்டிலேயே கிட்டார் வகுப்பு நடத்துகிறேன், அதுதான் பிழைப்பு. கொடைக்கானலில் பழைய பொருட்கள் வாங்கி விற்கும் ஒரு கடையில் கிளாசிக்கல் கிட்டார் ஒன்றை 1,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘1968-ல் ஸ்பெயினில் கையால் செய்தது, பின்பலகை பிரேசில் ரோஸ்வுட், ரிப்பேரே பார்த்ததில்லை’ என்று வாட்ஸ்ஆப்பில் எழுதியிருந்தார். நேரில் வாசித்துப் பார்த்துத்தான் எடுத்தேன். 1,45,000 வங்கி வழியாக, மீதி ரொக்கம். பில் இல்லை. இங்கே ரிப்பேர்க்காரர் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் உள்ளே விட்டுப் பார்த்தால், லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிள். பின்பலகையில் நீள விரிசலை ஒட்டிப் பாலிஷ் போட்டு மறைத்திருக்கிறது. மரமும் நம் ஊர் ஈட்டிதான் என்கிறார். கடைக்காரரோ, ‘பழசு அப்படித்தான், பார்த்துத்தானே வாங்கினீங்க’ என்கிறார். மூன்று வாரம் ஆகிறது. போலீசுக்குப் போகலாமா? சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் குறைந்த விலைக்குக் கேட்கிறார், தள்ளிவிடலாமா?

பதில்: முதலில், அந்தக் கிட்டாரில் யாரும் கை வைக்கக் கூடாது. மேல் லேபிளைப் பிரிக்க வேண்டாம், விரிசலுக்குப் பசை வேண்டாம். கம்பியைத் தளர்த்திப் பெட்டியில் வையுங்கள். உங்கள் முக்கியச் சாட்சி அதுதான். ஒருமுறை பிரித்துவிட்டால், ‘எல்லாம் மதுரையில் செய்த வேலை’ என்பார் கடைக்காரர்.

அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. பழைய மரக் கருவியில் தேய்மானம் இருக்கும். பார்த்தாலே தெரியும் குறைக்கு வாங்கியவர்தான் பொறுப்பு. ஆனால் கண்ணாடி விட்டால்தான் தெரியும் ஒட்டு அந்தக் கணக்கில் சேராது. அதைவிட முக்கியம், உங்கள் வழக்கு கிட்டாரின் வயதைப் பற்றியதே அல்ல, அவர் எழுதியதைப் பற்றியது. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது 1930-ம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 15-வது பிரிவு. ஈட்டி ஒன்றும் மட்டமான மரமில்லை. ஸ்பெயின்காரர்களே அதில் நல்ல கிட்டார்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் விலை கொடுத்தது பிரேசில் மரத்துக்கு.

நுகர்வோர் ஆணையமே உங்களுக்கு ஏற்ற இடம். வகுப்பு எடுக்கிறீர்களே, ‘வணிக நோக்கம்’ என்று தள்ளிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. கடை கொடைக்கானலில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே மாவட்ட ஆணையத்தில் மனு போடலாம். 5 லட்சம் வரையிலான மனுவுக்குக் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டுகள்.

அதற்காக 2 ஆண்டும் சும்மா இருந்துவிடாதீர்கள். பில் தராமல் விற்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் திருப்பித் தருவதற்கான கெடு குறிக்காதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். உங்களுக்கு 30 நாள் இன்னும் முடியவில்லை. நாளைக்கே ஒரு கடிதம்: என்ன எழுதி விற்றார், என்ன கண்டுபிடித்தீர்கள், கிட்டாரை எடுத்துக்கொண்டு 1,85,000-ஐத் திருப்பித் தர வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். வாட்ஸ்ஆப்பிலும் ஒரு நகல் போகட்டும். பேசாமல் வைத்திருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் நஷ்டஈடுதான் கேட்க முடியும்.

ரொக்கம் 40,000 கொஞ்சம் சிக்கல். ‘மீதி 40 கிடைச்சுது’ என்ற ரீதியில் அவர் ஏதாவது எழுதியிருக்கிறாரா, குரல் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் 1,85,000 விலை பேசிய செய்தியே துணை. அதே போனைப் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணுப் பதிவைக் காட்டும்போது 2023-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 63-வது பிரிவின்படி சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும். ரிப்பேர்க்காரரிடம் பார்த்ததைக் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள், படங்களும் எடுங்கள். மரம் எதுவென்று தகராறு வந்தால் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரத்தை இனம் காணும் வசதி இருக்கிறது. நீங்களாகச் சுரண்டி அனுப்பாதீர்கள்.

போலீஸ்? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவின் கீழ் மோசடி என்று புகார் தரலாம்தான். ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இரண்டாவது லேபிளை ஒட்டியது யார்? கடைக்காரருக்கு முந்தியவராகவும் இருக்கலாம். ஆணையத்தில் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை. தெரியாமல் எழுதியிருந்தாலும் எழுதியதற்கு அவர்தான் பொறுப்பு. ஸ்டேஷன் வாசலில் ‘இது சிவில் மேட்டர்’ என்று கேட்டுத் திரும்பி வருவதை விட, இந்த வழி சீக்கிரம்.

மைத்துனர் யோசனை வேண்டாம். விற்றால் சாட்சியும் கையை விட்டுப் போகும். ஒருவேளை அது நிஜமாகவே பிரேசில் ரோஸ்வுட்டாக இருந்தால் இன்னும் வம்பு: அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிப் பத்திரங்கள் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்துறையில் கிட்டாரே பறிபோகலாம்.