கியர்பாக்ஸைப் பிரித்தார்கள், பழுதோ கேபிளில்: பணம் திரும்பக் கிடைக்குமா?

காசிமேட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சொந்தமாகக் குட்டி யானை வைத்து, தானே ஓட்டி மீன் லோடு அடிப்பவர். ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும் விழவில்லை என்று வியாசர்பாடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டார். கியர்பாக்ஸையே பிரித்து 32,000 ரூபாய் என்றார்கள், 25,000 கொடுத்தார், பில் இல்லை. ஒன்பது நாள் கழித்து வண்டி வந்தது, கோளாறு அப்படியே இருந்தது. அப்புறம் தண்டையார்பேட்டை மெக்கானிக் ஒருவர் கியர் கேபிள் முனையில் தேய்ந்துபோன நைலான் புஷ்ஷை, அதாவது சின்ன வளையத்தை, மாற்றி, கேபிளை அட்ஜஸ்ட் செய்து 650 ரூபாயில் முடித்துவிட்டார். பழைய இடத்திலோ மீதி 7,000 தந்தால்தான் ஆர்.சி. புக் என்கிறார்கள்.

முதலில் ஆர்.சி. புக். வேலை பார்த்த பொருளைக் கூலி வரும்வரை பிடித்து வைக்கும் உரிமை மெக்கானிக்குக்கு உண்டு, இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவு அதைத் தருகிறது. ஆனால் அவர் வேலை பார்த்தது வண்டியில், ஆர்.சி. புக்கில் இல்லை, வண்டியையும் உங்களிடம் கொடுத்துவிட்டார். எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை வழியில் மடக்கினால் டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி.யைக் காட்டலாம், செல்லும்.

இனி பணம். வழக்கு நிற்பதும் விழுவதும் ஆதாரத்தில்தான். கியர் விழவில்லை என்றால் முதலில் இன்ஜினை அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். அப்போது சுலபமாக விழுந்து ஓடும்போது மட்டும் விழாவிட்டால் சந்தேகம் கிளச் மேல். இரண்டிலும் விழாவிட்டால் கேபிளைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸிலேயே இருக்கும் லிவரைக் கையால் தள்ளிப் பார்ப்பார்கள். எல்லா கியரும் விழுந்தால் உள்ளே கோளாறு இல்லை, டிரைவர் பிடிக்கும் கியர் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கேபிள், புஷ், அட்ஜஸ்ட்மென்ட் எதிலோதான். கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சின்ன சோதனை இது, அதைச் செய்யவில்லை என்பதுதான் உங்கள் புகாரின் உயிர்.

ஆனால் ஒன்று, அந்தச் சோதனையை இப்போது செய்து பயனில்லை. “நான் பிரித்துச் சரிசெய்ததால்தான் இப்போது விழுகிறது” என்பார் வியாசர்பாடி மெக்கானிக். நீங்கள் பிடிக்க வேண்டியது வேறு: அவர் வேலை முடித்த பிறகும் அதே கோளாறு இருந்தது, புஷ் மாற்றியதும் போனது. அதனால் தண்டையார்பேட்டை மெக்கானிக்கிடம் தேதி போட்ட பில்லும், என்ன பார்த்தார் என்று கையெழுத்தோடு இரண்டு வரியும் இன்றே வாங்குங்கள். கழற்றிய புஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வட்டமான துளை முட்டை மாதிரி நீண்டுபோயிருக்கும், அந்தச் சின்ன நைலான் துண்டு பத்துப் பக்க மனுவைவிட நன்றாகப் பேசும். வியாசர்பாடியில் மாற்றியதாகச் சொன்ன பழைய பேரிங், சிங்க்ரோ ரிங் (கியர் சுலபமாக விழ உதவும் வளையம்) இரண்டையும் எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் அதையே மனுவில் எழுதலாம்.

லோடு வண்டி என்றதும் “வணிக நோக்கம், நுகர்வோரே இல்லை” என்று வாதம் வரும். பயப்படாதீர்கள். பிழைப்புக்காக மட்டும் சுயதொழிலாகச் செய்பவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. “நானே ஓட்டுகிறேன், இதுதான் என் வருமானம்” என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பில் தராததும் அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 25,000 கொடுத்ததற்கு ஜிபே விவரம் போதும்.

பதினைந்து நாள் கெடு கொடுத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் விடுங்கள். பதில் இல்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். நீங்கள் குடியிருப்பதும் தொழில் செய்வதும் அந்த எல்லையில் என்பதால் அங்கேயே செல்லும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உள்ளே நிஜமாகவே பாகங்கள் மாற்றியிருந்தால் அதற்கான தொகையைக் கழித்துத்தான் உத்தரவு வரலாம். ஒன்பது நாள் வருமான இழப்பைக் கேளுங்கள், ஆனால் அதற்கு முந்தைய மாத லோடு சீட்டுகள் கையில் இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம், நீங்கள் இந்த மாதமே போடுங்கள், தண்டையார்பேட்டை மெக்கானிக்குக்கும் வேலை பார்த்தது ஞாபகம் இருக்கும்.