நர்சிங்கில் சோசியாலஜி எதற்கு என்று கேட்ட தங்கைக்கு

நீ எழுதியிருப்பதன் சுருக்கம் இதுதான்: பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர், அனாட்டமி கஷ்டமாக இருந்தாலும் பிடிக்கிறது, சோசியாலஜி மட்டும் மண்டையில் ஏறவே இல்லை, இன்டர்னலில் மார்க் போய்விட்டது, "முடியலன்னா விட்டுட்டு பி.காம். சேர்ந்துக்கோ" என்கிறார் அம்மா. அம்மாவிடம் முதலில் இதைச் சொல். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது, நைட் டூட்டி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் படிப்பை மாற்றுவது பற்றி உட்கார்ந்து பேசலாம். சோசியாலஜியில் மார்க் குறைந்ததற்காக நான்கு வருடப் படிப்பைத் தூக்கிப் போடுவது சரியே இல்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் மாற்றிய பாடத்திட்டத்தில் இந்தப் பாடத்துக்கு 60 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் உளவியலோடு சேர்ந்து வருகிற பாதித் தாள்தான், பயப்பட ஒன்றுமில்லை. சிக்கல் எங்கே என்றால், பல இடங்களில் இதை நோட்ஸ் கொடுத்து, வரையறையை ஒப்பிக்க வைத்து நடத்துகிறார்கள், வார்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது, பிறகு உனக்கு எப்படிப் பிடிக்கும்?

'எந்தெந்தக் கேள்வி வரும், எதை விட்டுவிடலாம்' என்று கேட்டிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களோடு வகுப்பிலும் வார்டிலும் கூடவே இருந்து கவனித்து, 1961-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையோடு உள்ளே வருகிற மாணவர்கள், பாடச் சுமையைப் பார்த்ததும் 'வாத்தியார் எதை எதிர்பார்க்கிறார்' என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவதை அதில் காட்டியிருக்கிறார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை, சீனியர்களைப் பார்த்துத் தானாக வருவது அது. உன் பாடத்தில் சமூகமயமாதல் என்று ஒரு தலைப்பு இருக்கிறதே, ஒரு கூட்டத்தின் பழக்கங்களைக் கற்று அதில் ஒருவராக மாறுவது, அதற்கு நீயே உதாரணம். யூனிஃபார்ம், இறுக்கிப் போட்ட கொண்டை, சீனியர் அக்கா வந்தால் எழுந்து நிற்பது, உன்னைவிட இருபது வயது பெரியவர் "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் கூச்சப்படாமல் திரும்புவது, வார்டு வாடைக்குப் பிறகும் மதியச் சாப்பாடு இறங்குவது என்று எல்லாமே அதுதான். வீட்டில் தொடங்கியது முதல்நிலை, இப்போது நடப்பது இரண்டாம்நிலை. பரீட்சையில் இதையே எழுது.

அடுத்தது சமூக நெறிகள். சமூகவியலாளர் வில்லியம் கிரஹாம் சம்னர் 1906-லேயே இவற்றை ஃபோக்வேஸ் (அன்றாட வழக்கங்கள்), மோரேஸ் (மீறினால் தவறென்று கருதப்படும் ஒழுக்க நெறிகள்) என்று பிரித்துக் காட்டினார். ஐடி கார்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தால் வார்டு சிஸ்டர் முறைப்பார், அதோடு போச்சு, அது முதல் வகை. திரை போடாமல் ஒரு பெண் நோயாளியின் உடையை விலக்கினால் பார்க்கிற எல்லோருக்கும் கோபம் வரும், அது இரண்டாவது வகை. அதற்கும் மேலே சட்டம் இருக்கிறது. ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு பாட்டி உன் கையைப் பிடித்துக்கொண்டு "என்ன குழந்தைன்னு மட்டும் சொல்லும்மா" என்று நிச்சயம் ஒருநாள் கேட்பார். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தைச் சொல்வது குற்றம், முதல் முறைக்கே மூன்று ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. பாட்டி எவ்வளவு பாசமாகக் கேட்டாலும் வாயைத் திறக்காதே.

சட்டம், கவுன்சில் பதிவு, கல்லூரி விதி எல்லாம் முறைசார்ந்த சமூகக் கட்டுப்பாடு. ஆனால் வார்டில் அதைவிடப் பலமாக வேலை செய்வது முறைசாராதது, நீ உண்மையில் கவனிக்க வேண்டியது அதைத்தான். பிரசவ வார்டில் நீ "நிறைய தண்ணீர் குடிங்க அக்கா" என்று சொல்வாய், அந்த அக்காவும் தலையாட்டுவார், மறுபடி ரவுண்டு வரும்போது சொம்பில் தண்ணீர் அப்படியே இருக்கும், ஏனென்றால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் மாமியார் "பச்ச உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று சொல்லியாயிற்று. நீ எட்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவாய், அந்த அக்கா வாழப்போவது மாமியாரோடு. இந்த இடத்தில் "படிக்காதவங்க" என்று அலுத்துக்கொள்கிற நர்ஸும் உண்டு, மாமியாரிடமே போய் "அம்மா, பால் ஊறணும்ல, வெந்நீராவது ஆற வச்சுக் கொடுங்களேன்" என்று அவர் கையாலேயே கொடுக்க வைக்கிற நர்ஸும் உண்டு. இரண்டாமவரைத்தான் நான் நல்ல நர்ஸ் என்பேன், அவர் சோசியாலஜியில் என்ன மார்க் வாங்கியிருந்தாலும்.

காசநோயிலும் இதே கதைதான். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், சாதாரண வகைக்கு ஆறு மாதம் சாப்பிட வேண்டும், ஆனாலும் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பக்கத்து ஊரில் போய் வாங்குகிறவர்களும், பாதியில் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-ல் ஸ்டிக்மா, அதாவது ஊர் ஒருவர் மேல் குத்துகிற களங்க முத்திரை, பற்றி எழுதியதை நோட்ஸில் படிக்கும்போது இவர்களை நினைத்துக்கொள்.

வேலை விஷயம் கேட்டாய். இந்தப் பாடம் பிடிபட்டால் கம்யூனிட்டி ஹெல்த் நர்சிங், மனநல நர்சிங் இரண்டும் உனக்குச் சுலபமாக வரும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாதிரி வீட்டுக்கே போய்ப் பார்க்கும் திட்டங்களில், திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிவதுதான் பாதி வேலை. மேலே படிக்க நினைத்தால் எம்.எஸ்சி. கம்யூனிட்டி ஹெல்த் இருக்கிறது, பப்ளிக் ஹெல்த் இருக்கிறது. வெளிநாடு பற்றி இப்போதே யோசிக்காதே.

தேர்வுக்கு ஒரே ஒரு யோசனை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி வரையறை, ஒரு அறிஞர் பெயர், வார்டில் நீ கண்ணால் பார்த்த ஒரு சம்பவம், இவ்வளவு போதும், பக்கம் பக்கமாக நிரப்பாதே. சம்பவத்தில் நோயாளியின் பெயரையோ ஊரையோ எழுதிவிடாதே.

இதையெல்லாம் செய்தும் செமஸ்டர் முடிவில் விடத்தான் வேண்டும் என்று தோன்றினால், அடுத்த தவணைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடு. ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கின்றனவா, திரும்ப வாங்க என்ன நிபந்தனை என்று அம்மாவை நேரில் போய் விசாரிக்கச் சொல்.