பவானிசாகர் டேம்ல ஓடற எங்க ஃபைபர் போட் அடில வெளுத்து நார் தெரியுது, மேலயே ஜெல்கோட் (ஃபைபர் மேல பூசற வெளிப்பூச்சு ரெசின்) அடிச்சா நிக்குமா?

நிக்காதுங்க. பவானிசாகர் டேம்ல ஓடற ஃபைபர் போட்னு சொல்றீங்க, அப்ப முதல்ல நெழல்ல கவுத்துப்போட்டு நல்லா காய விடுங்க, ஈரம் உள்ள இருந்தா பின்னால கொப்புளம் வந்துரும். அசிட்டோன் துணில பழைய மெழுகு, எண்ணெயைத் தொடச்சுட்டுத்தான் தேய்க்கோணும், இல்லீனா மெழுகை உள்ளயே தேச்சு இறக்கிருவீங்க. நார் தெரியற எடத்துல ரெசின் வெச்சு அடைச்சுட்டு 80 நம்பர் உப்புத்தாள்ல சொரசொரப்பாக்குங்க.

கலவைலதான் ரொம்ப கவனம் வேணுமுங்க. கோபால்ட்டும் (இறுகறதை வேகப்படுத்தற திரவம்) ஹார்டனரும் (ரெசினை இறுக வைக்கற திரவம்) நேரா ஒண்ணோட ஒண்ணு சேரவே கூடாது, வெடிச்சுரும்! கோபால்ட்டை ஜெல்கோட்ல நல்லா கலக்கிட்டு அப்புறமா ஹார்டனர், கிலோவுக்கு 15, 20 கிராம் போதும். நம்மூரு சித்திரை வெய்யலுக்கு டப்பாலயே இறுகிப்போகும், அதனால விடியக்காலைல கொஞ்சங்கொஞ்சமா கலக்கி அடிங்க, ஆனா ஹார்டனரை 1 சதவீதத்துக்குக் கீழ கொறைக்காதீங்க, அப்புறம் முழுசா இறுகாது.

பூச்சு அரை மில்லிமீட்டர் கனம் வரோணும். காத்து பட்டா மேல்பக்கம் பிசுபிசுன்னே கெடக்குமுங்க, அதனால காத்தைத் தடுக்க கடைசி கோட்ல மட்டும் வேக்ஸ் (மெழுகுக் கரைசல்) கலந்துக்கோங்க. மறுநாள் வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கற உப்புத்தாள்) 400, 800 நம்பர்ல தேய்ங்க, அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட் (மெருகேத்தற பசை) போடுங்க. கண்ணாடி, கையுறை கட்டாயமுங்க.