அமெரிக்கப் பள்ளியில் இஎஸ்எல் வகுப்பு: பிள்ளை பின்தங்கிவிடுமா?

கேள்வி: இப்போதுதான் அமெரிக்கா வந்தோம். இரண்டாம் வகுப்பு மகனை இஎஸ்எல்லில் (ESL, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்பு) சேர்க்கிறோம் என்கிறது பள்ளி. ஒத்துக்கொள்ளலாமா?

தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள். இது தண்டனையும் இல்லை, பிள்ளை மந்தம் என்ற முத்திரையும் இல்லை. 1974-இல் லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில், ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு உதவி தராமல் மற்றவர்களோடு சும்மா உட்கார வைப்பது பாகுபாடுதான் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அந்த உரிமைதான் இப்போது உங்கள் மகனுக்கும் கிடைக்கிறது.

சேர்க்கையின்போது வீட்டுமொழிப் படிவம் தருவார்கள். நம்மவர்களில் சிலர் பயந்துபோய் 'ஆங்கிலம்' என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து தமிழ் என்றே எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கிலும் சோதித்து நிலையை முடிவு செய்வார்கள். பல மாநிலங்களில் அந்தச் சோதனையின் பெயர் 'விடா' (WIDA), கலிஃபோர்னியாவில் 'எல்பாக்' (ELPAC).

அப்புறம், நாள் முழுக்கத் தனி வகுப்பு என்று நினைக்க வேண்டாம். பல பள்ளிகளில் ஆசிரியர் கொஞ்ச நேரம் சிறு குழுவாக அழைத்துப் போவார், அல்லது வகுப்புக்கே வந்து உதவுவார். நீர்ச் சுழற்சி பாடம் என்றால் படத்தைக் காட்டி, 'சூரியன் சுட்டதும் நீர்...' என்று பாதி வாக்கியம் தந்து பிள்ளையை முடிக்கச் சொல்வார். அறிவியலும் நிற்காது, ஆங்கிலமும் வளரும்.

விளையாட்டுப் பேச்சு சீக்கிரம் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்துக்குச் சில ஆண்டுகள் ஆகும். வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். ஆண்டுதோறும் தேர்வு உண்டு, தேறியதும் வெளியே வந்துவிடலாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு; ஆனாலும் ஆண்டுத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும்.